சமாதான வசனம்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குச் சிரிப்புக்காரி என்று பெயர். வேற்று மொழியில் எடுத்த காதல் நகைச்சுவைத் தொடர்களின் கதாநாயகிகளுக்கெல்லாம் அவள்தான் குரல். வாயசைவுக்குத் தகுந்தபடி வசனத்தை நீட்டியும் சுருக்கியும் பேச ஆட்கள் எத்தனையோ பேர் உண்டு. திட்டும்போதே அதற்குள் ஒரு சிரிப்பை ஒளித்து வைக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். அந்த மாதிரிக் கதைகளின் ருசியே அதில்தான் இருக்கிறது. அவள் அவனை வாய்க்கு வந்தபடி ஏச வேண்டும்; பார்க்கிறவர்களுக்கோ, இவள் எப்போதோ கவிழ்ந்துவிட்டாள் என்று புரிய வேண்டும்.

"கோவத்துல பல்லு தெரியணும்மா," என்பார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சவுண்ட் என்ஜினியர்.

பல் தெரியப் பேசிப் பேசி, அவளுடைய நிஜக் கோபத்திலும் அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொண்டது. அழுகல் தக்காளி போட்ட கடைக்காரனிடம் அவள் சண்டைக்குப் போனால், அவன் இளித்துக்கொண்டே நிற்பான். திட்டு வாங்கவே இன்னும் இரண்டு அழுகலைப் போடுவான் போலிருந்தது.

அவளுக்கும் அந்தக் கதைகள் என்றால் உயிர். மழையில் நனைந்தவர்களுக்கு ஜலதோஷம் பிடிக்காத உலகம் அது. எவ்வளவு பெரிய பொய்யும் கடைசியில் ஒரு மன்னிப்பில் கரைந்துவிடும். நாளெல்லாம் அதையே பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு அதே ரகப் படத்தைத்தான் போட்டுப் பார்ப்பாள். இதற்கு என்ன மருந்து சொல்வது?

கூடத்து ஏ.சி.யைப் பழுது பார்க்க ஒரு மெக்கானிக் வந்தான். கண்ணாடி வழியாக அவள் குரலைக் கேட்டவன், மறுநாள் வேலை இல்லாமலே வந்து எதிர்ச்சாரியில் நின்றான். அவள் வேண்டாம் என்றாள். அவன் அவள் ஏறும் பஸ்ஸில் ஏறினான். மறுபடியும் வேண்டாம் என்றாள். அவளைச் சிரிக்க வைப்பதற்காக, போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு சேற்றுக் குட்டையில் வேண்டுமென்றே விழுந்தான். பார்த்தவர்களில் ஒருவராவது பயந்திருக்க வேண்டும். ஆனால் கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். முதலில் மறுத்துக் கடைசியில் சம்மதிக்கும் பெண்களுக்கே வருஷக்கணக்கில் குரல் கொடுத்தவள், தன் முறை வந்தபோதும் அப்படியே சம்மதித்தாள்.

கல்யாணமாகிச் சில வாரங்கள் இருக்கும். தொண்டை வறண்டு வீடு திரும்பியவள், "சாப்பிடலாமா?" என்று கேட்டாள்.

"இது என்ன குரல்?" என்றான்.

"என் குரல்தான்."

"அந்தக் குரல்ல கேளு."

விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தாள். விழுந்த அறையில் வலது காது வெகுநேரம் ரீங்காரமிட்டது.

அவன் கட்டிக்கொண்டது திரையில் வரும் பெண்ணை. வீட்டில் இருப்பவள் அவனை ஏமாற்றியவள். அவன் கணக்கு அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏ.சி. தண்ணீரை வெளியேற்றுகிற ரப்பர் குழாய் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் தொங்க ஆரம்பித்தது. தோல் கிழியாது, ஆனால் உள்ளே சதை கன்றிப் போகும். முதுகு, தொடை என்று துணிக்குள் மறைகிற இடமாகப் பார்த்து அடிப்பான். அடித்து முடித்ததும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ம், சொல்லு," என்பான்.

அப்போது அவள் குரல் கொடுத்துக்கொண்டிருந்த தொடரில், ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் கதாநாயகி சொல்லும் சமாதான வசனம் அவனுக்கு வேண்டும். ஊரே அதைச் சொல்லித் திரிந்தது. அவளும் சொல்வாள், சிரிப்போடு: "போடா மக்கு! உன்னை விட்டா நான் யாரைத் திட்டுவேன்?"

கிளம்பிப் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கேட்பதற்கு வாய் வலிக்காது.

கீழ்வீட்டில் ஒரு தையல்கார அக்கா இருந்தாள். தனிக்கட்டை. அவளுடைய தையல் மெஷின் சரியாக இவர்கள் வீட்டுக் கூடத்துக்கு அடியில் ஓடும். சிரிப்புக்காரி வசனத் தாளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே உரக்க ஒத்திகை பார்ப்பது வழக்கம் என்பதால், கட்டிடத்துக்கே அது இலவச நாடகம். அக்காதான் முதல் ரசிகை. மேலே சத்தம் எழும்பினால் கீழே மெஷின் நிற்கும். அடிக்கு நடுவே அந்த மெஷின் நிற்பது சிரிப்புக்காரிக்குக் கேட்கும். யாரோ காது கொடுக்கிறார்கள், இதோ வரப்போகிறார்கள் என்று கதவையே பார்ப்பாள். வசனத்தைச் சொல்லி முடித்ததும் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கிவிடும்.

படிக்கட்டில் பார்த்தால் அக்கா விடமாட்டாள். "நேத்து என்னம்மா அப்படிக் கத்தின! எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு. கடைசியில 'போடா மக்கு'ன்னியே, அங்கதான் எனக்கு உயிரே வந்துச்சு."

ஒருநாள் துணிந்து சொல்லிவிட்டாள். "அக்கா, அது நடிப்பு இல்லக்கா. நிஜமாவே அடிக்கிறார்."

பாழாய்ப்போன அந்தச் சிரிப்பு அதற்குள்ளும் வந்து உட்கார்ந்திருந்தது. அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளி, "பாரேன், இதைக்கூட எவ்வளவு அழகா சொல்லுது இந்தப் பொண்ணு!" என்றாள்.

பின்னாலேயே கருவிப் பையோடு அவன் படியேறி வந்தான். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஒத்திகை பாக்கறோம்க்கா. நான்தான் வில்லன்."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று மாலை சிரிப்புக்காரியின் இடது கையில் இரண்டு விரல்கள் கதவிடுக்கில் நசுங்கின.

தொடரின் கடைசிப் பகுதிக்குக் குரல் கொடுத்து முடித்த நாளில், மதியமே வீட்டுக்கு வந்தாள். புதிதாகச் சேர்ந்த ஆண் குரல்காரன் பக்கத்தில் நின்று பேசியிருந்தான். அந்தச் செய்தி அவளுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தது.

"அவன்கிட்ட எத்தனை தடவை சொன்ன அதை?"

"வேலைங்க. சரியா வர்ற வரைக்கும் சொல்லத்தானே வேணும்?"

கதவைத் தாழிட்டான். குழாயில் ஆரம்பித்தான், அது கையை விட்டு நழுவியதும் காலால் தொடங்கினான். விலாவில் உதைத்தான். தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து நிலைப்படியில் மோதினான். முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் குத்தியது. ஊன்றிய இடது கை மடங்கிச் சடக்கென்றது. அவள் போட்ட கூச்சல் கட்டிடம் முழுவதும் கேட்டிருக்கும். "சூப்பர்! இன்னொரு தடவை!" என்று அதற்கு மேல் அவன் கத்தினான். கீழே மெஷின் நின்றது.

மூச்சு வாங்க எதிரே உட்கார்ந்தான். "ம், சொல்லு."

சொல்லிவிட்டால் இன்றைக்கு முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. காலையில் ஒலிவாங்கிக்கு முன்னால் அந்த வசனத்தை மனசார, ஆசையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். திரையில் இருந்த அந்தப் பெண்ணுக்குக் கொடுத்ததை இவனுக்குக் கொடுக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

"மாட்டேன்," என்றாள்.

அதில் சிரிப்பே இல்லை. அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது.

இதுவரை அவன் தொண்டையில் கை வைத்ததில்லை. இப்போது இரண்டு கைகளாலும் பிடித்தான். "சொல்லுடி. சொல்லு." ஏதோ நொறுங்குவது போல உள்ளே ஒரு சத்தம். கால் தரையில் தானாக உதைத்துக்கொண்டது. மெஷின் ஓடுகிறதா என்று காதைத் தீட்டினாள். ஓடவில்லை. கூடத்தின் ஓரங்கள் கறுத்துக்கொண்டே வந்தன.

கதவு இடிபட்டது.

"பாப்பா! சமாதானம் ஆச்சா இல்லையா? அதைச் சொல்லிட்டுப் போம்மா, எனக்கு வேலையே ஓடல!"

அவன் ஒரு கையைத் தளர்த்தினான். "முடிஞ்சுதுக்கா. இன்னைக்கு அவ்வளவுதான்."

"அதெப்படி முடியும்? எவ்வளவு பெரிய சண்டையானாலும் சேர்ந்துதானே ஆகணும்? அவளைச் சொல்லச் சொல்லு."

அவன் குனிந்து, "சொல்லித் தொலை," என்று கிசுகிசுத்தான். இனி அவள் நினைத்தாலும் சொல்ல முடியாது. தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"கதவைத் திற தம்பி."

முகத்தில் ஒரு சிரிப்பை மாட்டிக்கொண்டு கதவை ஒரு சாண் திறந்தான். வெட்டிக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டுக் கத்தரிக்கோலும் கையுமாக வந்திருந்தாள் அக்கா. அவன் சட்டையில் தெறித்திருந்த இரத்தத்தைப் பார்த்தாள். அவன் கைக்குக் கீழே குனிந்து, தரையில் துடித்துக்கொண்டிருந்த காலைப் பார்த்தாள். கதவைப் பிடித்திருந்த அவன் புறங்கையில் கத்தரிக்கோலை இறக்கினாள். அது கையைத் துளைத்து மறுபுறம் கதவு மரத்தில் போய்க் குத்தி நின்றது. அவன் போட்ட அலறலை யாரும் ஒத்திகை என்று நினைக்கவில்லை. மாடிக்கு மாடி கதவுகள் திறந்தன. ஆண்களும் பெண்களுமாக ஏறி வந்து அவனைத் தரையோடு அமுக்கினார்கள்.

தொண்டை வீக்கம் வடிந்த பிறகுதான் குரலைப் பற்றிச் சொல்ல முடியும் என்றார் மருத்துவர். பழைய குரல் வரும் என்று அவர் சொல்லவில்லை. வாக்குமூலம் வாங்கப் பெண் போலீஸ் ஒருத்தி வந்தாள். கட்டிலில் கிடந்தவளால் பேச முடியவில்லை.

"நான் சொல்றேன் மேடம்," என்று பக்கத்து முக்காலியிலிருந்து தையல்கார அக்கா ஆரம்பித்தாள். "தண்ணி வராத அன்னைக்கு: 'முதுகுல வேணாங்க, நேத்து அடிச்சதே இன்னும் ஆறல.' ஹவுஸ் ஓனர் வாடகை வாங்கிட்டுப் போன அன்னைக்கு: 'விரலை விடுங்க, கதவைச் சாத்தாதீங்க.' அதுக்கு அடுத்த வாரம்..." ஒரு சொல் பிசகவில்லை.

"இவ்வளவும் எப்படி ஞாபகம் வச்சிருக்கீங்க?"

அக்கா தரையைப் பார்த்தாள். "டிவியில எப்ப வரும்னு காத்துட்டு இருந்தேன் மேடம். வரவே இல்ல. நல்ல நல்ல சீனையெல்லாம் வெட்டிட்டாங்களேன்னு எனக்கு டிவிக்காரங்க மேல கோவம்கூட வந்துச்சு."

சிரிப்புக்காரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த உயிரைக் காப்பாற்றியவள் இவள்தான் என்று தெரியும். தெரிந்தும், முடிந்த மட்டும் நிமிர்ந்து, நல்ல கையை வீசி அக்காவின் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள். போலீஸ்காரி எழுந்து நின்றுவிட்டாள்.

அக்கா கன்னத்தைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. "உக்காருங்க மேடம், இன்னும் நிறைய இருக்கு," என்றாள். அடுத்த அலறலை, தட்டைக் குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கினாள். கட்டிலில் கிடந்தவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. போலீஸ்காரியைப் பார்த்து, ஆமாம், ஆமாம் என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.