அழாத பிள்ளை

கர்ட் ஹெல்கெசனுக்குக் கோபமே வராது என்று வில்மர் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். வீடுகளில் ஹீட்டர் ரிப்பேர் செய்வது அவன் தொழில். பனிக்காலத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு கதவைத் திறப்பவர்கள் அவன் ஆசிய முகத்தைப் பார்த்து, சீன ஹோட்டல் பையன் என்று நினைத்து, "நாங்க சாப்பாடு எதுவும் ஆர்டர் பண்ணலையே" என்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே கருவிப்பெட்டியைத் தூக்கிக் காட்டுவான். ஐம்பது வயதுக்கு மேலும் அதே சிரிப்புதான்.

அவனும் நானும் கொரியாவில் பிறந்து, அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் வெள்ளைக்காரர் வீடுகளில் வளர்ந்தவர்கள். எங்களைப் போன்ற தத்துப்பிள்ளைகள் சிலர் மாதம் ஒருமுறை செயின்ட் பாலில் ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடுவோம். ஆளுக்கொரு கடிதம் எழுதிக்கொண்டு வரவேண்டும். பெற்றவளுக்கு, வளர்த்தவளுக்கு, நம்மை விமானம் ஏற்றிவிட்டவர்களுக்கு, யாருக்கு வேண்டுமானாலும். அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். யாருக்கு எழுதினோமோ அவராக மாறி, பக்கத்து நாற்காலிக்காரர் பதில் சொல்வார். கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் என்னைப் பெற்றவளாக ஒருத்தி, "உன்னை மறக்கலடி" என்று சொன்ன அன்று, காரை எடுக்க முடியாமல் சர்ச் வாசலிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு ஒரே ஒரு விதிதான். முதல் பக்கத்தில் நன்றி என்ற வார்த்தை வரக்கூடாது.

கர்ட்டுக்கு அதுதான் முடியவில்லை. வளர்த்த தாய் ஆர்லிஸுக்கு எழுதினான். மூன்றாவது வரியிலேயே நன்றி வந்துவிட்டது.

"ஏன்டா, இது கடிதமா, இல்ல கஸ்டமருக்கு அனுப்புற கிறிஸ்துமஸ் கார்டா?" என்று கேட்டேன்.

"அவங்க மனசு நோகும், ஜொலீன்."

"உன் மனசு?"

"எனக்குப் பழகிப்போச்சு."

ஆர்லிஸிடம் ஒரு கதை இருந்தது. கர்ட் விமானத்தில் வந்து இறங்கிய நாளுக்கு வருடாவருடம் கேக் செய்வாள். உறவுக்காரர்களை உட்காரவைத்து அந்தக் கதையைச் சொல்வாள். நாலு வயதுப் பிள்ளை, விமான நிலையமே அதிரும்படி அழுதுகொண்டு வந்தானாம். இவள் ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தாளாம். அழுகை சட்டென்று நின்றுவிட்டதாம். எல்லோரும் சிரிப்பார்கள். கர்ட்டும் சேர்ந்து சிரிப்பான்.

அவனுக்கு அந்த நாள் நினைவிருந்தது. பழத்தைப் பார்த்து அவன் அழுகையை நிறுத்தவில்லை. அம்மா, அம்மா என்று கொரிய மொழியில் எவ்வளவு கத்தியும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கே அழுது பிரயோஜனமில்லை என்று புரிந்து நிறுத்திக்கொண்டான். ஆர்லிஸ் இதை ஒரே ஒருமுறை கேட்க வேண்டும், கேட்டுவிட்டு "ஆமா, உனக்கு அது பெரிய கஷ்டம்தான்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. அவளுக்குப் பதிலாக நாற்காலிக்காரர் சொன்னால் அவனுக்குப் போதாது. அவள் வாயிலிருந்தே வரவேண்டும்.

எழுதி முடிக்க இரண்டு பனிக்காலம் ஆனது. அதற்குள் ஆர்லிஸுக்கு நினைவு தப்பி, முதியோர் இல்லத்தில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. அவள் மனதில் கர்ட் சின்னப் பையனாகவே தங்கிவிட்டான். எதிரே வந்து நிற்கும் நரைத்த ஆசியக்காரன் யாரோ அன்னியன். "உன் நிறமே என் கண்ணுக்குத் தெரியலடா" என்று ஆயுசு முழுக்கச் சொன்னவளுக்கு, கடைசியில் அது ஒன்றுதான் தெரிந்தது. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. நோயாளிமேல் கோபப்படுவது நியாயமில்லை என்று தெரியும், ஆனாலும் வந்தது.

"இனிமே யாருக்குடா படிக்கப்போற?" என்றேன்.

"எழுதிட்டேன்ல. படிச்சுத்தான் ஆகணும்" என்றான். தனியாகப் போகப் பயந்து என்னையும் அழைத்துக்கொண்டு போனான்.

ஞாயிறு மதியம். ஆர்லிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும், "துவைக்கிற துணி எடுக்க வந்தீங்களா? அந்த மூலையில இருக்கு பாருங்க" என்றாள்.

"இல்லங்க. ஒரு கதை படிச்சுக் காட்டலாம்னு வந்தோம்" என்றான் கர்ட்.

"கதையா? உக்காருங்க, உக்காருங்க. காப்பி ஆறிப்போச்சு, பரவாயில்லையா?"

அவன் படித்தான். நான் என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் அந்தப் பையன் என்று மாற்றிக்கொண்டே படித்தான். அப்போதும் அவள் மனசு நோகக்கூடாது அவனுக்கு. விமான நிலையம் வந்தது, வாழைப்பழம் வந்தது. ஆர்லிஸ் சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து உன்னிப்பாகக் கேட்டாள்.

"யாரு அவ, பழம் குடுத்தவ?" என்றாள்.

"நல்லவங்கதான். ரொம்ப நல்லவங்க."

"நல்லவளா இருந்து என்ன? புள்ள பெத்தவளக் கேட்டு அழுவுது. வாயில பழத்தத் திணிச்சா சரியாப்போச்சா? அப்புறமாவது உக்காரவச்சு விசாரிச்சாளா?"

"இல்லங்க."

"பாவம். எவ்வளவு தவிச்சிருக்கும் அந்தப் புள்ள."

கர்ட் என்னைப் பார்த்தான். ஆயுசு முழுக்கக் காத்திருந்த வார்த்தை. அவன் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கமாக நாற்காலியை நகர்த்தினான். நான்தான் அந்தப் பையன் என்று சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

அதற்குள் ஆர்லிஸ் பேச ஆரம்பித்தாள். "எனக்கும் ஒரு மகன் இருக்கான். கர்ட்னு பேரு. அவனும் அங்கேருந்துதான் வந்தான். ஆனா அவன் இந்தப் புள்ள மாதிரி இல்ல. ஒருநாளும் பெத்தவள நெனச்சு அழுததில்ல. வந்ததுலேருந்து சிரிச்ச முகம்தான்."

கர்ட் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவன் தோள்கள் குலுங்கின. அவன் அழுது நான் பார்த்ததே இல்லை. சத்தம் வந்தது, நிறுத்தப் பார்த்தான், நிற்கவில்லை.

ஆர்லிஸ் பதறிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் தம்பி அழுவுற? அழாதப்பா. உங்கம்மா எங்க? கூப்பிடச் சொல்லட்டுமா?"

"எங்க இருக்காங்கன்னு தெரியலங்க" என்றான் கர்ட்.