மாமா ஊர் தோற்கும் என்று நான் போட்டது

அமெரிக்காவில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம் ஒன்று உண்டு. அதற்கும் ஃபுட்பால் என்றுதான் பெயர். கழுதைக்குப் பேர் முத்துமாலை என்பார்களே, அந்த மாதிரி.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அங்கே வேலையிலிருந்த மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டி வைத்தார். தை மாதம் அந்த ஆட்டத்தின் கடைசிச் சுற்றுகள். தோற்ற அணி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். வாராவாரம் யார் ஜெயிப்பார்கள் என்று பிள்ளைகள் முன்கூட்டியே போட வேண்டும். அதிகம் பலித்தவருக்குப் பலாக்கொட்டை வடிவத்தில் ஒரு நிஜப் பந்து. அது எனக்குத்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அம்மாவும் மாமாவும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊரான காமயகவுண்டன்பட்டியில் தன் பங்குத் திராட்சைத் தோட்டத்தை, அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெளியாளுக்கு விற்றுவிட்டார் மாமா. “நீரடிச்சு நீர் வெலகாதும்பாக” என்று அப்பா மெல்லப் பேச்செடுத்தால், “அணை கட்டுனா வெலகும்” என்று அம்மா அவர் வாயை அடைத்துவிடுவாள்.

அப்படிப்பட்ட அம்மா முதல் வாரமே, எங்கள் பங்குத் தோட்டத்துத் திராட்சைக் குலையிலிருந்து அழுகலைக் கத்தரித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்: “அந்தப் பனி ஊரு செயிக்கும்னு போடு.” அது மாமா இருக்கும் ஊர். போட்டேன். பலித்தது.

அங்கே ஞாயிறு சாயங்காலம் என்றால் நமக்குத் திங்கட்கிழமைக் காலை. நான் பள்ளிக்கூடம் கிளம்புமுன் மாமா கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“எங்க ஊரு செயிக்கும்னு ஒனக்கு யாருத்தா சொன்னா?”

“அம்மாதேன்.”

“அக்காவா சொல்லுச்சு?”

அதையே இன்னொரு தரமும் கேட்டார். அம்மாவின் கத்தரி அசையவில்லை. அடுத்த திங்களும் அதே கேள்வி, அதற்கடுத்த திங்களும் அதே கேள்வி. மற்ற ஆட்டங்களைப் பற்றி மாமா கேட்கவே மறந்துபோனார்.

மாமா ஊர் அணி கடைசி ஆட்டத்துக்கே போய்விட்டது. போடியிலிருந்த சித்தி மகனும் நானும் சமமாக நின்றோம். அவன் முந்திக்கொண்டு மாமா ஊரைப் போட்டுவிட்டான். நானும் அதையே போட்டால் பந்தைப் பாதியாக அறுக்கவா முடியும்? வீடியோக்களைத் துருவிப் பார்த்தேன். மாமா ஊரில் பந்தை எறிகிற ஆளுக்குத் தோள்பட்டையில் கட்டு. அம்மாவிடம் சொன்னேன்.

“தோத்தாலும் அந்த ஊரத்தேன் போடணும்” என்றாள்.

தலையாட்டிவிட்டு எதிரணியைப் போட்டேன்.

மாமா ஊர் தோற்றது. திங்கள் காலை போன் வந்ததும் ஸ்பீக்கரை அணைத்து, கொடிப்பந்தலுக்குள் போய்ப் பேசினேன்.

“இதுவும் அக்கா சொல்லித்தானா?”

அம்மா சொன்னது பொய்த்துப்போனது என்று தெரிந்தால் மாமா கேலி செய்வாரே என்றிருந்தது. பலித்த கணிப்பை அம்மா பேரிலேயே ஏற்றிவிட்டேன்.

“ஆமா மாமா. ஒங்க ஊரு தோக்கும்னு அம்மாதேன் சொன்னாக.”

“சரித்தா. அக்கா நெனச்சபடியே ஆயிருச்சு” என்று வைத்துவிட்டார்.

பந்து பார்சலில் வந்தது. போன்தான் வரவில்லை. அம்மா அடுத்த மூன்று திங்கட்கிழமையும் விடிகாலையிலேயே அப்பாவின் போனுக்குச் சார்ஜ் ஏற்றி, பழக்கூடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எனக்கே பாவமாகப் போய்விட்டது. பெரிய மனுஷி மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன்.

“ஆட்டந்தேன் முடிஞ்சுபோச்சேம்மா. இனி அடுத்த தைக்குத்தேன் மாமா கூப்புடுவாக.”

“அப்படியா” என்றாள் அம்மா.

அடுத்த தையிலும் மாமா கூப்பிடவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, சித்தி மகனோடு பந்து விளையாடப் போய்விட்டேன்.