சிவப்புக் கோடும் மூன்று மிஸ் கோலும்

நீர்ப்பாசனக் கந்தோருக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, கைப்போனால் வேலை கெடுகிறது என்று புத்தி சொல்ல நான் வரவில்லை. பாம்பு விளையாட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு சின்னப் போனை வைத்துக்கொண்டே ஒரு வட்டையில், அதாவது ஒரு வயல்வெளியில், பாதியை மூழ்கடித்தவன் நான். உங்கள் கையில் இருப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

1. போன் வந்த விதம்

சுனாமியாகக் கடல் வந்த அன்று நான் கடலுக்குத் தூரமாக, கரடியனாற்றுப் பக்கம். வெள்ளக் காலம் என்பதால் ஞாயிறென்றும் பாராமல் வேலைக்குப் போயிருந்தேன். என் மனைவி செல்வி கடற்கரையோர நாவலடியில் தாய் வீட்டில். அவள் உயிரோடு இருப்பது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. ஒரு பள்ளிக்கூட முகாமில், யாரோ கொடுத்த சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தாய் திரும்பி வரவில்லை.

கட்டாரிலிருந்த மச்சான் இதைக் கேட்டு எங்கள் இருவருக்கும் போன் அனுப்பினான். அதன் பிறகு மணி அடித்தால் எடுக்காமல் விட என்னால் முடியாமற் போயிற்று. கூட்டத்தில் இருந்தாலும் குளியலில் இருந்தாலும் ஓடுவேன். எடுக்காமல் விட்டால் அது அவளைப் பற்றிய செய்தியாக இருந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை எல்லோரும் என் பொறுப்புணர்ச்சி என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

2. என் கண்டுபிடிப்பு

மாரியில் வாவி பெருகினால் முகத்துவாரத்து மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவோம். முந்தி வெட்டினால் இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும், தோணிக்காரர் சண்டைக்கு வருவார்கள். பிந்தினால் மேற்குக் கரை வயல் தண்ணீரில் தாழும், வெள்ளாமைக்காரர் சண்டைக்கு வருவார்கள். அதனால் இரு பகுதியும் சம்மதித்து, வவுணதீவுப் பக்கத்தில் தண்ணீர் மட்டம் பார்க்கும் கேஜ் கம்பத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தோம். தண்ணீர் கோட்டைத் தொட்டால் வெட்டுவது, தொடாவிட்டால் பொறுப்பது.

கேஜ் பார்ப்பவர் தம்பிப்பிள்ளை. முன்பெல்லாம் ரீடிங்கைக் கொப்பியில் எழுதிக்கொண்டு சைக்கிளில் கந்தோருக்கு வருவார். நான் அங்கே ரீ.ஏ., அதாவது தொழில்நுட்ப உதவியாளர். காலம் மாறிவிட்டது என்று அவருக்கு ஒரு பழைய போனைக் கொடுத்து ஒரு முறையையும் கண்டுபிடித்தேன். ஒரு மிஸ் கோல் என்றால் தண்ணீர் ஏறவில்லை. இரண்டு என்றால் ஏறுகிறது. மூன்று என்றால் கோட்டைத் தொட்டுவிட்டது. நான் எடுக்குமுன் அவரே துண்டித்துவிடுவார். பேச வேண்டியதில்லை, ரீலோட் காசும் கரையாது.

இன்ஜினியர் கூட்டத்தில் எழுந்து நின்று என்னைப் பாராட்டினார். தம்பிப்பிள்ளை மட்டும் பின்வரிசையிலிருந்து கேட்டார்.

“ஐயா, லைன் எங்கேஜா இருந்தா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன்.

3. எங்கேஜ்

கடல் வந்து நாலு வருஷமாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் யுத்தம் அடங்கி, வன்னியில் நடந்துகொண்டிருந்தது. கேஜ் கம்பத்துக்கும் கந்தோருக்கும் இடையில், பாலத்து ஆமிக் காவலரண் மட்டும் அப்படியே இருந்தது. அந்த மாரியில் மழை விடாமல் பெய்தது.

காலை பதினொரு மணிக்கு இரண்டு மிஸ் கோல் வந்தது. தண்ணீர் ஏறுகிறது. மணல் வெட்டும் பெக்கோ இயந்திரத்தை முகத்துவாரத்தில் தயாராக நிறுத்திவிட்டு மூன்றாவதற்காகக் காத்திருந்தேன்.

பிறகு வந்ததெல்லாம் மற்றவர்களின் கோல். முதலில் வட்டை விதானையார் கந்தப்போடி. அந்த வட்டை வயலுக்கெல்லாம் பொறுப்பானவர். அவருடைய சொந்த வயலும் கரையோரத்தில்தான், கதிர் தள்ளும் பருவத்தில்.

“தம்பி, தண்ணி கோட்டுக்கு வந்திட்டா?”

“இன்னும் வரல்ல விதானையார்.”

அவர் வைத்ததும் மீனவர் சங்கத்து யோசேப்பு அண்ணன்.

“வெட்டிப் போடாதீங்க, இறால் இப்பதான் படுகுது. கோட்டுக்கு வந்திட்டா?”

“இன்னும் வரல்ல அண்ணன்.”

திரும்ப விதானையார். திரும்ப யோசேப்பு அண்ணன். இடையில் மாவட்டக் கச்சேரி அலுவலகத்திலிருந்து ஒருவர், கோயில் தலைவர், அரிசி ஆலைக்காரர், கடல் திரும்பவும் வருகிறதாம் என்று எஸ்.எம்.எஸ். வந்ததாகச் சொன்ன என் பெரியம்மாவின் மகன். எல்லோருக்கும் பதில் சொன்னேன். ஒரு கோலையும் விடவில்லை. மாவட்டத்தின் தண்ணீர் முழுவதும் என் வாயிலிருந்துதான் ஏறி இறங்குகிறது என்பதுபோல எனக்கு ஒரு மிதப்பு.

இரண்டு மணிபோல விதானையார் குரல் மாறியிருந்தது.

“தம்பி, என்ட வயலில வரம்பு தெரியுதில்ல. எந்தப் பக்கம் கிறுகிப் பாத்தாலும் வெள்ளமா நிக்குது.”

“மழைத்தண்ணி தேங்கி நிக்கும் விதானையார். கேஜில இன்னும் வரல்ல. வந்தா எனக்கு உடனே தெரியும்.”

“அப்ப சரி. நீங்க சொன்னா சரிதான்.”

கண்ணால் பார்த்த மனிதரை, ஒன்றையும் பார்க்காத நான் சமாதானப்படுத்தினேன். அவரும் சமாதானமானார்.

மூன்றரை மணிக்குத் தம்பிப்பிள்ளை நனைந்து வெடவெடத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவர் வாயைத் திறக்கவும் என் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. கையைக் காட்டி அவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன். விதானையார்தான்.

“இன்னும் வரல்ல விதானையார்,” என்றேன்.

தம்பிப்பிள்ளை என் மேசைக்கு முன்னால் வந்து நின்று மூன்று விரலைக் காட்டினார்.

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. தண்ணீர் பன்னிரண்டரைக்கே கோட்டைத் தொட்டுவிட்டது. அவர் எடுத்த ஒவ்வொரு கோலுக்கும் என் லைன் எங்கேஜ். கடைசியில் சைக்கிளில் புறப்பட்டிருக்கிறார். காவலரணில் ஆமிக்காரன் மறித்து, “போன் இருக்குத்தானே? கோல் பண்ணுறது. ஏன் மழையில போறது?” என்று கேட்டு அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்திருக்கிறான். என் முறையை நன்றாக விளங்கிக்கொண்டவன் அவன் ஒருவன்தான்.

இயந்திரம் மணலில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வாவித் தண்ணீர் கடலுக்கு வடியத் தொடங்குவதற்குள் கரையோர வயல் முழுவதும் தாழ்ந்தது.

4. வரம்பில்

தண்ணீர் வடிந்த பிறகு போனேன். விதானையார் வரம்பில் நின்றார். பயிர் சேறு பூசிப் படுத்துக் கிடந்தது. அந்த வருஷச் சோறு அது. ஏசினால் நல்லது என்று நின்றேன். அவர் ஏசவில்லை.

“உங்களுக்கு நான் பதினொரு தரம் கோல் எடுத்தன் தம்பி,” என்றார். “பதினொரு தரமும் எடுத்தீங்க. ஒருதரமாவது எடுக்காம விட்டிருந்தா, இந்த மனிசன் எடுக்கிறானில்ல எண்டு கோவத்தில எழும்பிப் போய் நானே கம்பத்தைப் பாத்திருப்பன்.”

அவர் சொல்லி முடிக்கவில்லை, என் சட்டைப் பைக்குள் போன் அடித்தது. கை தானாகப் போயிற்று. அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பயத்தையும் சேர்த்து.

“கடல் வந்த அண்டைக்கு ஒருதரிட்டயும் போன் இல்ல,” என்றாள். “ஆக்கள் வந்துதான் என்னைத் தேடிப் புடிச்ச. எனக்கு ஒண்டெண்டா, நீங்க நிக்கிற கேஜ் கம்பத்தடிக்கே ஆள் வந்து சொல்லும். நீங்க வேலையைப் பாருங்க.”

அடுத்த மாரியில் யுத்தம் முடிந்திருந்தது. காவலரணில் யாரையும் அதிகம் மறிக்கவில்லை. போனைக் கந்தோர் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, தம்பிப்பிள்ளையோடு கேஜ் கம்பத்தடியில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்டச் சொல்லி ஓடுவதற்கு அவருடைய சைக்கிள் பக்கத்தில் நின்றது. முதல் ஒரு மணித்தியாலம் கை சும்மா சும்மா சட்டைப் பையைத் தடவிற்று. பிறகு கண் தண்ணீரைப் பார்க்கப் பழகியது.

பின்னேரம் விதானையார் சேற்றில் சறுக்கிச் சறுக்கி வந்தார்.

“எத்தினை தரம் கோல் எடுக்கிற? ஏன் எடுக்கிறீங்க இல்ல?”

நான் கம்பத்தைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். கோட்டுக்கு இன்னும் நாலு விரல் இருந்தது. கோபம் தணிந்து என் குடைக்குள் வந்து நின்றார்.

அவருடைய சட்டைப் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார்.

“யோசேப்பு,” என்றார். “கோட்டுக்கு வந்திட்டாண்டு கேக்கத்தான்.”

“எடுங்களன்.”

“விடுங்க,” என்று போனைத் திரும்பப் பைக்குள் போட்டார். “கோவம் வந்தா இஞ்ச வந்து பாப்பான்.”