தெளிந்த தண்ணீரில் கெண்டைக் குஞ்சுகள்

மண்ணைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் மீன்குஞ்சு பிழைக்கிறதா என்று பார்ப்பதுதான் எழுபதுகளில் தூத்துக்குடியில் எனக்குச் சோறு போட்ட வேலை. 'என்ன உத்தியோகம்?' என்று சொந்தக்காரர்கள் கேட்டால் பதில் சொல்ல முடியாமல் விழிக்கிற அன்பர்களே, நானும் உங்கள் கட்சிதான்.

பையில் வந்த மண்

சங்கு குளிக்கிறவரின் மனைவி மரியபுஷ்பம், துணிப்பையில் மண்ணோடு வந்தார். அவர் வீட்டை ஒட்டிப் பூச்சிமருந்து மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கி; பையிலிருந்தது அதன் முற்றத்து மண். மழைக்கு அங்கே தேங்கிய தண்ணீரைக் குடித்த அவருடைய ஆடு, நுரை தள்ளிச் செத்துவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் தெருக்கிணறு.

"ஆடு போனாப் போவுது தம்பி. எம்புள்ளையளும் அந்தக் கெணத்துத் தண்ணியத்தான் குடிக்கி."

மேனேஜர் வைத்த டீ

மண்ணை ஊறவைத்துக் குலுக்கி வடிகட்டினேன். நிறமில்லை, நாற்றமில்லை, சுனைத் தண்ணீர் தோற்கும். "இதுலயா விஷம்?" என்று சிரித்தார், பார்க்க வந்த கிட்டங்கி மேனேஜர். வேறு இடத்து மண்ணை ஊறவைத்த தண்ணீர் ஒரு ஜாடியில், இது ஒரு ஜாடியில். இரண்டிலும் கெண்டைக் குஞ்சுகளை விட்டேன்.

அவர் கையிலிருந்த டீ ஆறுவதற்குள் கிட்டங்கி மண் ஜாடியில் குஞ்சுகள் சாய்ந்து மிதந்தன; மற்றதில் நீந்திக்கொண்டிருந்தன. நல்ல தண்ணீர் கலந்து கலந்து பார்த்தேன். புதிதாக விட்ட குஞ்சுகளும் செத்தன. கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு இத்தனை வலுவா! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேனேஜர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"அந்த மண்ணுலதான் அண்ணாச்சி, நான் தெனமும் வெறுங்காலோட நடக்கேன்."

கிணற்றின் முறை

அடுத்து கிணற்றுத் தண்ணீர். தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஆய்வுக்கூட வாசலில் நின்றார்கள். அவர்கள் பார்க்கவே குஞ்சுகளை விட்டேன். மறுநாள் காலையில் கதவைத் திறந்ததும் மரியபுஷ்பம்தான் முதலில் ஜாடியை எட்டிப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்துக் கத்தினார்.

"ஏளா, எல்லாம் உசுரோட நீந்துதுளா!"

மழைக்குப் பிறகு

விஷம் இன்னும் கிணற்றை எட்டவில்லை. மேனேஜரே முன்னின்று முற்றத்து மண்ணை வெட்டி எடுத்து, சிமெண்டுத் தொட்டியில் போட்டு மூடினார். அடுத்த மழையில் அங்கே தேங்கிய தண்ணீரிலும் குஞ்சுகள் பிழைத்தன. மரியபுஷ்பத்தின் கணவர் ஜாடியருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"கடலுக்கு அடியில என்னென்னமோ பாத்திருக்கேன். இம்புட்டுக்காணு மீனு ஒரு தெருவக் காப்பாத்தினத இன்னைக்குத்தான் பாக்கேன்."

நியாயமாகப் பார்த்தால் சம்பளம் அந்தக் குஞ்சுகளுக்குச் சேர வேண்டியது. அவற்றுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாததால் கடைசிவரை நானே வாங்கிக்கொண்டேன்.