டீச்சருக்குக் கண் தெரியவில்லை

2009 ஜூன் மாதம், ஜாம்பியாவில் கட்டெட்டே பக்கத்துக் கிராமம் ஒன்றில், தோகோசானி சகாலாவுக்குக் கண் பார்வை போய்விட்டதாகப் பேச்சு கிளம்பியது. அப்போது அவருக்கு வயது முப்பத்துநான்கு. எதிர்க் குன்றில் மேயும் ஆடு யாருடையது என்று வாசலில் நின்றே சொல்லக்கூடியவர்.

சிப்பாட்டா நகரில் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்து, தேவாலயக் கொட்டகையில் பாலர் வகுப்பு தொடங்கியிருந்தார். ஆகஸ்டில் கல்வி அதிகாரி வருவார். பிள்ளைகள் பதில் சொன்னால்தான் வகுப்பு நீடிக்கும்.

பயிற்சியில் சொன்னபடி ஒரு கோப்பையைத் தூக்கிக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். நாலு வயதுப் பிள்ளைகள் கோப்பையைப் பார்த்தார்கள். அவரைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். கரண்டிக்கும் அதே கதிதான். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பேச்சு வளர்ச்சி குறைவு என்று தோகோசானி முடிவு கட்டினார். கொட்டகைக்கு வெளியே அவர்கள் போட்ட கூச்சலை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

சில நாளில் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பாதியானார்கள். சியோனே என்ற சிறுமியின் அம்மா ஒரு சட்டியில் இலைச்சாறு கொண்டுவந்தார்.

"டீச்சரம்மா, கண்ணுல ரெண்டு சொட்டு விடுங்க. எங்க மாமியாருக்கு இதுலதான் தெளிஞ்சுது."

"என் கண்ணுக்கு என்ன?"

"சியோனே எல்லாம் சொல்லிட்டா. கோப்பையக் கையில வச்சுக்கிட்டே இது என்னன்னு கேக்குறீங்களாமே."

"தெரிஞ்சுதான் கேக்குறேன்."

"தெரிஞ்சேவா?" அவர் சட்டியைக் கீழே வைத்தார். "அப்ப கோளாறு கண்ணுல இல்ல."

அந்த ஊரில் பெரியவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைப் பிள்ளைகளிடம் கேட்பதில்லை. வேலைதான் ஏவுவார்கள். தோகோசானியும் அப்படி வளர்ந்தவர்தான். சிப்பாட்டாவில் அது மறந்துபோயிருந்தது.

மறுநாள், "சியோனே, அந்தக் கோப்பையில தண்ணி கொண்டா" என்றார்.

"அது ஓட்டை, டீச்சர். பச்சக் கோப்பைதான் ஒழுகாது. அதுலயும் ஒரு எறும்பு கெடக்கு, எடுத்துட்டுத் தர்றேன்."

பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

ஆகஸ்டில் அதிகாரி மித்தி ஜீப்பில் வந்தார். வேலை ஏவுவது சோதனையில் சேராது, கேள்விதான் கேட்கவேண்டும் என்றார். ஒரு படத்தை நீட்டி, "இது என்ன?" என்று கேட்டார். பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். மித்தி பேனாவைத் திறந்தார்.

தோகோசானி குனிந்து சியோனேயின் காதில், "பாவம், இவருக்கும் எனக்கு வந்ததுதான்" என்றார்.

சியோனே மித்தியின் முழங்காலில் கை வைத்தாள். "மாடு, மாமா. பயப்படாதீங்க, காகிதம்தான்."

"இது சைக்கிள். டயர்ல காத்து இல்ல" என்றான் இன்னொருவன்.

படங்கள் தீர்ந்தபின் அவருடைய தொப்பி, பேனா, செருப்பு ஆகியவற்றையும் சொன்னார்கள். பேச்சு வளர்ச்சி மிக நன்று என்று மித்தி எழுதினார். கிளம்பும்போது இருவர் அவர் கையைப் பிடித்து ஜீப் வரை கூட்டிப்போய், "கல்லு இருக்கு, பாத்து" என்றார்கள். அதையும் நல்லொழுக்கம் என்று சேர்த்துக்கொண்டார்.

வகுப்புக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆகஸ்டில் மித்தி மறுபடி வந்தார். ஜீப் நிற்கும் இடத்தில் சியோனேயின் அம்மா சட்டியோடு காத்திருந்தார்.