மேப்பிள் மணக்கும் பிள்ளை

டொரான்டோவில் என் மகன் பிறந்த ஓரிரு நாளில், டயபர் மாற்ற வந்த நர்ஸ் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். "மேப்பிள் சிரப் வாசனை!" என்றாள். இங்கே காலைப் பலகாரத்தின்மேல் ஊற்றிக்கொள்ளும் மரப்பாகு அது. பிள்ளையைக் கொஞ்சுகிறாள் என்று நினைத்து, "தேங்க் யூ" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

சற்று நேரத்தில் டாக்டர் வந்தார். சிறுநீர் அப்படி மணந்தால் பிறவி நோயாக இருக்கலாம், பாலிலுள்ள புரதமே விஷமாகி மூளையைத் தாக்கும், ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை தாய்ப்பால் கூடாது என்றார். ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் விட்டேன். உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. தையல் வலியோடு வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன்.

மூத்தவள் தாம்பரத்தில் பிறந்தாள். அங்கிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு அந்தப் பிரசவ வார்டைச் சொல்லவே வேண்டாம். கட்டிலுக்குக் கட்டில் ஒரு பிளாஸ்க், திறந்தால் வெந்தயக் கஞ்சி. பள்ளி ஆசிரியையான என் அக்கா, மின்சார ரயில் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "மூஞ்சியச் சுளிக்காம குடிடி, பால் தானா ஊறும்" என்பாள். இடுப்பு வலி, வயிற்றுச் சூடு எல்லாவற்றுக்கும் அவளுக்கு வெந்தயம்தான். இந்த முறை அவளுக்கு விசா கிடைக்கவில்லை. அவள் போனில் சொல்லச் சொல்ல, என் கணவர் தினமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார்.

அன்று மதியமும் கொண்டுவந்தார். பிளாஸ்க்கைத் திறந்ததும், அந்தப் பக்கம் போன நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதே வாசனைதான்! என்ன இது?"

"சாப்பாடு" என்றேன்.

டாக்டரும் வந்து முகர்ந்து பார்த்தார். வெந்தயத்தின் மணம் தாய்ப்பால் வழியாகப் பிள்ளையின் சிறுநீருக்கும் போகும் என்றார். இருந்தும் முடிவு வரும்வரை பிள்ளையைத் தரவில்லை. மறுநாள் நோயில்லை என்று வந்தது. அவனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுதேன். மருந்து பற்றிக் கேட்டபோதே ஏன் சொல்லவில்லை என்றார் டாக்டர். எங்களுக்கு அது மருந்து இல்லை, கஞ்சி என்று எந்த ஆங்கிலத்தில் சொல்வது?

அவனுக்குத் தலை நின்றதும் தாம்பரம் போனோம். வாசலிலேயே அக்கா பிள்ளையை வாங்கிக் கழுத்தில் முகம் புதைத்தாள். "என்னடி இது, புள்ள மேல ஃபாரின் வாசனை அடிக்குது?" என்று சிரித்தாள்.

அவசரமாக அவளிடமிருந்து வாங்கி நானும் முகர்ந்தேன். எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை.