நான் வரைந்த பாதையில் அவள்

நெல்லித்தோப்பிலிருந்து புஸ்ஸி வீதிப் பக்கம் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு நான் தினமும் சைக்கிளில்தான் போவேன். விழுப்புரம் பஸ்கள் ஸ்டாண்டுக்குத் திரும்புகிற சிக்னலில் ஒரு காலை ஊன்றி நின்றால் பஸ்ஸின் புகை நேராக முகத்தில் அடிக்கும். துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, டெம்போவுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் கிடைக்கிற சந்தில் நுழைந்து வந்து மாடி ஏறுவேன். அப்படிப் போய் உட்கார்ந்து நான் செய்த வேலை, இங்கிலாந்துக் கிராமப்புறங்களில் வண்டியே வராத சைக்கிள் பாதைகளை வரைவது.

வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிற அலுவலகங்கள் அப்போது பாண்டிச்சேரியில் நிறைய இருந்தன. எங்களுடையதும் அதில் ஒன்று. என் கைக்கு வந்தது, சைக்கிளில் ஊர் சுற்றுபவர்களுக்கான ஒரு வழிகாட்டிப் புத்தகம். ஆசிரியர் ஒவ்வொரு பாதையிலும் தானே போய்ப் பார்த்து, பென்சிலால் வரைந்து அனுப்பியிருந்தார். அதை நான் கம்ப்யூட்டரில் திருப்பி வரைய வேண்டும். மோட்டார் வண்டி வராத இடத்துக்குப் பச்சைக் கோடு. வேறு வழியில்லாமல் ரோட்டில் ஏறுகிற இடத்துக்குச் சிவப்பு. ரயில் நின்றுபோன ஊர்களில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு அந்த மேட்டையே சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று அதில்தான் படித்தேன். வாய்க்கால் கரையோடு பத்து மைல் போகிற பாதை இருந்தது. ஏரியைச் சுற்றி வருகிற பாதை இருந்தது. எந்த இடத்தில் டீக்கடை, எந்த இடத்தில் இறங்கி மரக்கதவைத் திறந்து மாடு வெளியே போகாமல் திரும்பச் சாத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

நான் முடித்த பக்கங்களைப் படித்துப் பிழை பார்ப்பவள் என் தோழி. ஒரே வயது, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தா; ஊரில் சொல்தா வீடு என்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். அவளை அப்பா காலையில் மொபெட்டில் கொண்டுவந்து விடுவார். மதியம் என் மேஜையில்தான் சாப்பாடு. அதுவரை அவளிடம் இருக்கிற எதுவும் எனக்கு உறுத்தியதில்லை.

வேலை பாதி நடக்கும்போது பதிப்பகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. திருத்தங்கள் போய் வருவதில் நாளாகிறது, பக்கங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரை மூன்று மாதம் அங்கே அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். மேலாளர் என்னைத்தான் கூப்பிட்டார். உடனே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடச் சொன்னார். நான் போட்டோ எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொன்னேன். அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

பத்து நாள் கழித்து மேலாளர் மறுபடி கூப்பிட்டார். எனக்கு வேலை அனுமதி, விசா எல்லாம் கிடைக்க மாதக்கணக்காகும், அவர்களால் காத்திருக்க முடியாது என்றார். பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தால் அப்போது இங்கிலாந்துக்கு விசாவே தேவையில்லை. அதனால் அவளை அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டு, "உன் வேலைய குறை சொல்லல. இது பாஸ்போர்ட் சமாச்சாரம்" என்றார். நான் சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்து, ஒரு பச்சைக் கோட்டை மூன்று தடவை தப்பாக வரைந்தேன்.

அன்று சாயங்காலம் அவள் என் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் சந்தோஷத்தை மறைக்கப் பார்ப்பது தெரிந்தது.

"எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுடி. போறதுக்குள்ள கத்துக்குடுக்கிறியா?"

அந்த வாரம் டயர் பஞ்சர் என்று சொன்னேன். அடுத்த வாரம் தப்பிக்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதற்கு முன்னால், சீட்டைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன். காந்தி சிலையைத் தாண்டியதும், சொல்லாமல் கையை எடுத்தேன். எல்லோரும் அப்படித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆனால் அவள் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டபோது எனக்கு ஒரு நொடி நன்றாக இருந்தது. அது எனக்குத் தெரிந்தது. மூன்றாவது ஞாயிறு அவள் தனியாகவே பழைய துறைமுகம் வரை போய்த் திரும்பி வந்தாள்.

போன பிறகு வாரம் ஒரு மின்னஞ்சல் எழுதினாள். விடுமுறை நாளில் சைக்கிள் வாடகைக்கு எடுத்து, ஏழாவது பாதையில் போனாளாம். இரண்டு மணி நேரத்தில் ஒரு ஹாரன் சத்தம்கூடக் கேட்கவில்லையாம். எதிரே நாயோடு நடந்து வந்த ஒரு பாட்டி குட்மார்னிங் சொன்னாளாம். நீ வரைந்தது அப்படியே இருக்கிறது, ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் மட்டும் படி இருக்கிறது, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், அதை நாம் காட்டவில்லை என்று எழுதியிருந்தாள். போட்டோவும் வைத்திருந்தாள். மஞ்சள் மழைக்கோட்டு, சிவந்த மூக்கு, பின்னால் நான் வரைந்த பாதை. அந்தப் படி எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்று ஆத்திரம் வந்தது. நான் போயிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு வரி, இரண்டு வரி என்றுதான் பதில் போட்டேன்.

கடைசியாக வந்தது நன்றிப் பக்கம். ஆசிரியர் தன் மனைவிக்கு, தன்னோடு சைக்கிளில் வந்த நண்பர்களுக்கு, எடிட்டருக்கு நன்றி சொல்லியிருந்தார். கடைசி வரியில், பாண்டிச்சேரியிலிருந்து வந்து வரைபடங்களைச் சரிபார்த்து உதவியவர் என்று அவள் பெயர். வேறு யார் பெயரும் இல்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் அந்த வரியை நீக்கினேன். மற்ற வரிகளைக் கீழே வெற்றிடம் தெரியாதபடி இறக்கினேன். அனுப்பிவிட்டேன். கை கழுவும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை.

யாரும் கவனிக்கவில்லை. புத்தகம் அச்சாகிவிட்டது.

அவள் திரும்பி வந்த அன்று எனக்கென்று ஒரு பிரதியும் சாக்லெட்டும் கொண்டுவந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவளே அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். அங்கிருந்து வரும்போதே வரி விட்டுப்போய்விட்டது போலிருக்கிறது, வந்ததை அப்படியே போட்டோம் என்றேன்.

"அந்தப் பக்கத்த டைப் பண்ணி அனுப்புனதே நான்தான்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள்:

"மேப் போட்டது நீன்னு அவருகிட்ட சொல்லி, உன் பேரயும் சேக்கச் சொல்லியிருக்கலாம். தோணிச்சு. சொல்லல. அங்க எல்லாரும் எனக்கு நன்றி சொல்றது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

அவள் அதைச் சொன்னது என் தப்பைக் குறைக்கவில்லை. ஆனாலும் எனக்கு அழுகை நின்றது. மறுநாள் எடிட்டருக்கு நானே எழுதினேன். பக்கம் அமைக்கும்போது ஒரு வரி விட்டுப்போயிற்று, தவறு என்னுடையது, மறுபதிப்பு வந்தால் சேர்க்க வேண்டும் என்று. வேண்டுமென்றே செய்தேன் என்று எழுத தைரியம் வரவில்லை. மறுபதிப்பு ஒன்றரை வருடம் கழித்து வந்தது. அவள் பெயரை நானே டைப் அடித்துச் சேர்த்தேன். பிரெஞ்சு எழுத்துக்கூட்டு என்பதால் அவளிடமே காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். அந்தப் படியையும் ஏழாவது பாதையில் குறித்தேன்.

இடையில் இரண்டு மாதம் அவள் மதியச் சாப்பாட்டுக்கு என் மேஜைக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை டப்பாவோடு வந்து உட்கார்ந்தாள், வறுத்த வஞ்சிரத் துண்டு ஒன்றை என் தட்டில் வைத்தாள், கதிர்காமத்து அத்தை வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசினாள். நான் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன்.